போலீஸ் ஸ்டிரைக்: நிற்பது வேலையா, காவலா?

'காவல்துறை வேலைநிறுத்தம்' என்று செய்தியில் பார்த்தாலே எனக்கு உறுத்தும். துறை எங்கே நிறுத்தியது? சம்பளம் கட்டுபடியாகவில்லை என்று டூட்டிக்குப் போகாமல் இருப்பவர்கள் காவலர்கள். ஆகவே போலீஸ் ஸ்டிரைக் என்பதற்குக் 'காவலர் வேலைநிறுத்தம்' என்பதுதான் சரி. எல்லாரும் ஒரே நாளில் லீவு எழுதிக் கொடுத்தால் அது 'ஒட்டுமொத்த விடுப்பு', பெயர்தான் வேறு.

ஸ்டிரைக் கடலில் பிறந்த சொல். 1768இல் லண்டன் துறைமுக மாலுமிகள் கூலிக்காகக் கப்பல் பாய்களை இறக்கிப் போட்டார்கள். பாயை இறக்குவதற்கு அவர்களிடம் இருந்த வினைச்சொல் இதுதான், அப்புறம் அது எல்லாத் தொழிலுக்கும் போய்விட்டது. பாய்மரக் கப்பலேறி பர்மாவுக்குத் தொழில் செய்யப் போன செட்டிநாட்டுக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம்.

போலீஸ், நகரத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழியில் வந்தது. நம்முடைய காவலுக்கு வேர் 'கா'. காப்பு, காவலன் எல்லாம் அதன் பிள்ளைகள். சோழர் கல்வெட்டுகளில் 'பாடிகாவல்' வருகிறது. தென்மாவட்டங்களில் வெள்ளைக்காரன் போலீசுக்கு முன்னால் ஊர்க்காவல் முறை இருந்தது: காவல்காரருக்கு விளைச்சலில் பங்கு உண்டு, களவு போனால் அவர் மீட்டுத் தர வேண்டும், இல்லையென்றால் ஈடுகட்ட வேண்டும். களவுபோன மாட்டைத் திருப்பி வாங்கத் துப்பு சொன்னவருக்குக் கொடுப்பது 'துப்புக்கூலி'. காவல்கூலி கொடுக்காத வீட்டு மாடுதான் முதலில் காணாமல் போகும் என்பது வேறு விஷயம்!

கூலி நின்றால் காவலும் நிற்கும் என்பதற்கு வெளியூர்க் கதைகள் நிறைய. 1919 செப்டம்பரில் அமெரிக்காவின் பாஸ்டனில் 1,117 காவலர்கள் வேலையை விட்டு வெளியேறினார்கள், கடைகள் சூறையாடப்பட்டன. அவர்களில் யாரையும் திரும்ப எடுக்கவில்லை. புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சம்பளத்தைக் கூட்டினார்கள், கூத்துதான். 1969 அக்டோபர் 7 அன்று கனடாவின் மாண்ட்ரியாலில், டொராண்டோ காவலருக்கு இணையான சம்பளம் கேட்டு அந்த ஊர்க் காவலர்கள் பதினாறு மணிநேரம் வேலைக்கு வரவில்லை, அதற்குள் வங்கிக் கொள்ளை, துப்பாக்கிச் சூடு. 2024 ஜனவரி 10 அன்று பப்புவா நியூ கினியில் சம்பளத்தில் பிடித்தம் விழுந்தது என்று காவலர்கள் வேலையை விட்டு வந்தார்கள். கணினிப் பிழை என்றது அரசு. அதற்குள் கடைகள் எரிந்து, இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். நம் நாட்டில் போலீஸ்காரர்கள் சங்கம் வைப்பதற்கே 1966ஆம் ஆண்டுச் சட்டம் கடிவாளம் போட்டிருக்கிறது.

இந்த மாதிரிக் கலவரச் செய்திகளில் 'வேலைநிறுத்தம்' பாதியைத்தான் சொல்கிறது. காவலர் நிறுத்துவது வேலையை. ஊருக்கு நின்றுபோவது காவல். இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால், சம்பளம் கேட்டவரும் கடையை உடைத்தவரும் ஒரே ஆள் மாதிரி ஆகிவிடும்.

காரைக்குடியில் எங்கள் தெருவில் பாதி வீடுகள் பூட்டித்தான் கிடக்கின்றன, சாவி சென்னையில் இருக்கும். தெருவே சேர்ந்து பணம் போட்டு வைத்திருந்த ராத்திரி வாட்ச்மேன், மூன்று மாதப் பாக்கி என்று ஒருநாள் வராமல் போய்விட்டார். எதிர்வீட்டு ஆச்சி என்னிடம், "அவரு வேலைய நிறுத்திட்டாரு, சரி. எனக்குல்ல காவல் நின்னு போச்சு, நேத்துலேர்ந்து முகப்புலதான் படுக்கிறேன்" என்றார். தலைமாட்டில் ஒரு டார்ச், பக்கத்தில் உலக்கை. பாக்கியைக் கட்டிய அன்று ராத்திரியே விளக்குக் கம்பத்தில் தடி தட்டும் சத்தம் கேட்டது.