‘வெளி ஆலோசகர்’ யார்?

‘நகராட்சி ஒரு வெளி ஆலோசகரை நியமித்தது.’ மொழிபெயர்ப்புச் செய்திகளில் இப்படித் திரும்பத் திரும்ப வருகிறது. படிப்பவருக்கு என்ன புரியும்? சாலை போடுவதற்கு யோசனை சொல்பவரா, கணக்குப் பார்ப்பவரா? மூலத்தில் இருப்பது ‘அவுட்சைட் கவுன்சல்’. சொந்தச் சட்டப் பிரிவு இருந்தாலும், ஒரு தனித்துறை வேலைக்காக உள்ளாட்சி அமைப்பு வெளியிலிருந்து பிடிக்கும் வக்கீல்.

கவுன்சலுக்கு வேர், அறிவுரை என்று பொருள்படும் லத்தீனின் ‘கான்சிலியம்’. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, அறிவுரையிலிருந்து அதைச் சொல்லும் வழக்கறிஞருக்கும் பெயரானது. வேரை மட்டும் பார்த்து ‘ஆலோசகர்’ என்று எழுதினால் வக்கீல் காணாமல் போய்விடுகிறார்.

சரி, ‘ஒப்பந்த வழக்கறிஞர்’ என்கிறார்களே? அது இன்னும் மோசம். ஒப்பந்த ஊழியர் என்றால் அலுவலகத்துக்குள் உட்கார்ந்து, நிரந்தரமாகாமல் வேலை பார்ப்பவர். இவரோ தன் அலுவலகத்தில் இருந்துகொண்டு வேறு பல கட்சிக்காரர்களுக்கும் வேலை செய்பவர். ‘சிறப்பு வழக்கறிஞர்’ என்றால் குற்ற வழக்கு நடத்தும் சிறப்பு அரசு வழக்கறிஞரோடு குழம்பும்.

இந்தக் குழப்பம் சின்ன விஷயமல்ல. கலிபோர்னியாவில் ஈயம் கலந்த பெயின்ட் தயாரித்த கம்பெனிகள் மீது சான்டா கிளாரா மாவட்டமும் வேறு சில உள்ளாட்சிகளும் வழக்குப் போட்டன. ஜெயித்தால் மட்டும் கட்டணம் என்று தனியார் வக்கீல்களை வைத்தன. அது செல்லுமா என்ற கேள்வி மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. வைக்கலாம், ஆனால் வழக்கின் கடிவாளம் அரசின் சொந்த வழக்கறிஞர்கள் கையில்தான் இருக்க வேண்டும் என்று 2010இல் தீர்ப்பு வந்தது. உள்ளே இருப்பவர் யார், வெளியே இருப்பவர் யார் என்பதுதான் அங்கே வழக்கே. இரண்டு பேரையும் ‘ஆலோசகர்’ ஆக்கிவிட்டால் தீர்ப்பில் என்ன மிஞ்சும்?

நம்மிடம் வினை தயாராக இருக்கிறது: வக்கீல் அமர்த்துவது. பதவிக்கு நியமிக்கிறோம், வேலைக்கு அமர்த்துகிறோம். ஆகவே ‘அமர்த்து வழக்கறிஞர்’. முதல் முறை மட்டும் ‘வெளியிலிருந்து அமர்த்திய வழக்கறிஞர்’ என்று விரித்து எழுதினால் போதும். வழக்கே இல்லாத வேலைக்கு வழக்கறிஞரா என்று கேட்காதீர்கள். கோர்ட்டுக்குப் போகாமல் பத்திரம் மட்டும் எழுதித் தரும் வழக்கறிஞரையும் வக்கீல் என்றுதானே சொல்கிறோம்.

அப்புறம் ‘பாண்ட் கவுன்சல்’. உள்ளாட்சி வெளியிடும் கடன்பத்திரம் சட்டப்படி செல்லும் என்று கருத்துரை எழுதித் தருபவர். அவரைப் ‘பிணைப்பு ஆலோசகர்’ என்று எழுதுபவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். அவர் கடன்பத்திர வழக்கறிஞர்.