எந்தத் தியானம் அசல் என்று கேட்பவர்களுக்கு

சேலத்தில் மனநல மருத்துவம் பார்க்கும் என் மேசைக்கு முன்னால் குடும்பங்கள் வாதிடும் விஷயங்களில், மாத்திரைக்கு அடுத்தபடியாக வருவது தியானம். அண்ணன் மனவளக்கலையில் தீட்சை பெற்றவராக இருப்பார்; தம்பி பத்து நாள் மௌனமாக விபாசனா முடித்து வந்திருப்பார்; மாமனாருக்கோ தொலைக்காட்சியில் பார்த்த, மூச்சை வேகமாக வெளியே தள்ளும் கபாலபாதியைத் தவிர மற்றதெல்லாம் போலி. "எதுங்க டாக்டர் அசல், நீங்களே சொல்லுங்க" என்று மூவரும் என் பக்கம் திரும்புவார்கள்.

பழமையை வைத்து அசலைத் தீர்மானிக்கப் போனால் யாருக்கும் முழு வெற்றி கிடைக்காது. இந்தியாவில் விபாசனாவைப் பரப்பிய கோயங்கா, மாண்டலேயில் பிறந்த வணிகர். பர்மிய அரசில் அக்கவுண்டண்ட் ஜெனரலாக இருந்த ஊ பா கின்னிடம் கற்றுக்கொண்டு 1969இல் இங்கு வந்தவர். மனவளக்கலையைத் தந்த வேதாத்திரி மகரிஷி கூடுவாஞ்சேரி நெசவாளர் குடும்பத்தில் 1911இல் பிறந்து, இல்லறத்தில் இருப்பவர்களுக்கென்று தம் முறையை எளிமைப்படுத்தியவர். நாம் இன்று செய்யும் ஆசனங்களில் பல, 1930களில் மைசூர் அரண்மனை யோகசாலையில் கிருஷ்ணமாச்சாரியார் கற்பித்த வடிவில்தான் உலகெங்கும் போயின. இவற்றில் எதையும் இதனால் போலி என்று தள்ள முடியாது. ஆனால் "ஐயாயிரம் வருடப் பழமை" என்று துண்டறிக்கையில் அச்சடித்திருப்பதைக் கொண்டு, உங்கள் உடம்புக்கு அது ஒத்துவருமா என்பதையும் அறிய முடியாது.

அடையாளங்களை மாற்றி ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். கொலுசுப் பட்டறையில் பற்றவைப்பவர். பொடி வைத்து ஊதும் வேலை என்பதால், கை ஒரு நூல் அசைந்தாலும் வெள்ளி வீணாகும். ஏற்காட்டில் எஸ்டேட் பங்களா ஒன்றில் நடந்த இரண்டு நாள் முகாமில், அரை மணி நேரம் விடாமல் வேகமாக மூச்சுவிடச் சொல்லியிருக்கிறார்கள். உதடு மரத்து, விரல்கள் தாமாக மடங்கி, கண்ணுக்குள் வெளிச்சம் தெரிந்திருக்கிறது. முதுகுத்தண்டு வழியே மேலெழும் சக்தியான குண்டலினி ஏறுகிறது என்றும், அடுத்த நிலை முகாமுக்குக் கட்டாயம் வரவேண்டும் என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வீட்டில் அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து அதையே தொடர்ந்தவருக்கு, ஒரு மாதத்தில் தூக்கம் போய்க் கை நடுங்கத் தொடங்கிவிட்டது.

இதயத்தில் கோளாறு இல்லை என்று உறுதிசெய்துகொண்ட பிறகு, என் அறையிலேயே அவரை இரண்டு நிமிடம் வேகமாக மூச்சுவிடச் சொன்னேன். கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கியது. மற்ற விரல்கள் குவிந்தன. "இதேதாங்க டாக்டர்!" என்றார். மூச்சு வேகமாகும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து காரத்தன்மை கூடுகிறது. அதனால் நரம்புகளுக்குப் பயன்படும் கால்சியம் குறைந்து தசைகள் இழுத்துக்கொள்கின்றன. மூளையின் இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் தலை கிறுகிறுக்கிறது. மெதுவாக மூச்சுவிட வைத்ததும் சில நிமிடங்களில் விரல்கள் பிரிந்தன. அவர் முகத்தில் நிம்மதியைவிட ஏமாற்றமே அதிகம் தெரிந்தது. "அப்ப எனக்கு ஏறவே இல்லைங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு மருத்துவத்தில் பதில் இல்லை. எனக்கும் சிரிக்கத் தோன்றவில்லை.

திருமூலரே காற்றைப் பிடிப்பதைக் கணக்கு என்றுதான் சொல்கிறார்: இழுப்பது பதினாறு மாத்திரை (இமைப்பொழுது) நேரம், நிறுத்துவது அறுபத்து நான்கு, விடுவது முப்பத்திரண்டு. (இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இதைப் படித்துவிட்டு அறுபத்து நான்கு எண்ணத் தொடங்க வேண்டாம்.) அவசரமாக இழுத்துவிடும் கூத்துக்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

இதைவிட என்னைக் கவலைகொள்ள வைப்பது, மிகை உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ மனநோய்க்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுபவர்களிடம் "தியானம் வந்துவிட்டால் மாத்திரை எதற்கு" என்று சொல்லும் ஆசிரியர்கள். லித்தியத்தைத் திடீரென்று நிறுத்தினால் நோய் மறுபடியும் கிளம்பும் ஆபத்து அதிகம். நிறுத்தாமலே உண்ணாவிரதமும் உப்பில்லாச் சாப்பாடும் உள்ள முகாமுக்குப் போனாலும், இரத்தத்தில் அதன் அளவு ஏறி நஞ்சாகலாம். தூக்கத்தைக் குறைப்பதே இந்த நோயாளிகளில் சிலருக்கு மனக்கொதிப்பை, அதாவது மிகை உற்சாக நிலையை, தூண்டிவிடப் போதுமானது. கண்நீர் அழுத்த நோய் (கிளாக்கோமா) உள்ளவர் சிரசாசனம் செய்வதும் இப்படித்தான்; அந்த நிலையில் கண்ணின் அழுத்தம் ஏறக்குறைய இருமடங்காகிறது.

நம் நாட்டில் யோகா கற்பிக்க அரசு உரிமம் கட்டாயமில்லை. ஆயுஷ் அமைச்சகத்தின் சான்றிதழ் தேர்வும் விரும்பியவர்கள் எழுதுவதுதான். ஆகவே சுவரில் தொங்கும் சட்டகத்தைவிட, முதல் நாள் ஆசிரியர் உங்களிடம் என்ன கேட்டார் என்பதையே நான் விசாரிக்கிறேன். நோய், மாத்திரை, தூக்கம் பற்றி ஒரு வார்த்தையாவது கேட்டாரா? நடுவில் எழுந்து போக விட்டாரா?

கொலுசுப் பட்டறைக்காரர் யோகாவை விட்டுவிடவில்லை. நானும் விடச் சொல்லவில்லை. அவர் தெருவிலேயே மொட்டை மாடியில் வகுப்பு நடத்தும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், சேர்த்துக்கொள்வதற்கு முன் நோட்டுத் தாளைக் கிழித்து மூன்று கேள்விகள் எழுதி என்னிடம் அனுப்பினார்: மூச்சை அடக்கலாமா, தலைகீழாக நிற்கலாமா, இரவு எத்தனை மணி நேரம் தூங்க வேண்டும்? முதல் இரண்டுக்கு "இப்போதைக்கு வேண்டாம்" என்றும், மூன்றாவதற்கு "ஏழு" என்றும் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன்.