வாசிக்கச் சொன்னால் சண்டைக்கு வரும் பையன்கள்

திருவாரூர் மாவட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மனநல ஆலோசனை சொல்வது என் வேலை. என்னிடம் அனுப்பப்படும் பையன்களில் பெரும்பாலோர் ஒன்பதாம் வகுப்பு. புகாரும் ஏறக்குறைய ஒன்றுதான்: கடைசி பெஞ்ச், எதிர்த்துப் பேசுகிறான், அடிக்கடி லீவு, கையில் காப்பு.

மன்னார்குடிப் பக்கம் ஒரு பையன் (அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்). தமிழ் வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னதும் புத்தகத்தை விட்டெறிந்துவிட்டு வெளியே போனவன். "ரவுடியாத்தான் சார் வருவான்" என்று அவன் அப்பாவே சொன்னார். இரண்டு வாரம் பேசிப் பழகிய பிறகு, சின்ன வகுப்புப் பாடம் ஒன்றை நீட்டினேன். எழுத்துக் கூட்டிக்கொண்டே வந்தவன் 'நெற்பயிர்' என்ற சொல்லில் நின்றுவிட்டான். சம்பா அறுவடை நேரத்தில் கொள்முதல் நிலையத்தில் மாமாவோடு ராத்திரியெல்லாம் நெல்லுக்குக் காவல் படுக்கிற பிள்ளை, அந்த ஒரு சொல்லைத் தாண்ட முடியாமல் வேர்த்துப் போய் உட்கார்ந்திருந்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2025-26இல் ஒன்பதாம் வகுப்புப் படித்தவர்கள், 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது மூன்றாம் வகுப்பு. நான்காம் வகுப்பு முழுக்க வீட்டிலேயே போனது, 2021 நவம்பரில் பள்ளி திறந்தபோது ஐந்தாம் வகுப்பில் பாதி முடிந்திருந்தது. அடிப்படை வாசிப்பும் கணக்கும் சொல்லிக் கொடுக்க 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் முதலில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரைக்குமாகத்தான் இருந்தது, இவர்களோ அதற்குள் ஆறாம் வகுப்பு. எட்டு வரை எல்லோரும் பாஸ். விடுபட்டது அப்படியே நின்றுவிட்டது.

பெண் பிள்ளைகளுக்கும் இதே இழப்புதான். ஆனால் நான் பார்த்தவரை, "தெரியல டீச்சர்" என்று சொல்ல அவர்களுக்கு வாய் வருகிறது, பக்கத்தில் இருக்கிற தோழி சொல்லிக் கொடுக்கிறாள். பையனுக்கு அது மானப் பிரச்சினை. 'ஆம்பளப் புள்ள' என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தவன், திக்கி வாசித்துச் சிரிப்பு வாங்குவதைவிட வாத்தியாரிடம் அடி வாங்கலாம் என்றுதான் நினைப்பான், அடி வாங்கினாலாவது கூட்டாளிகளிடம் மதிப்பு உண்டு. 2025 பிளஸ் டூ தேர்வில் மாணவிகள் 96.70, மாணவர்கள் 93.16 சதவீதம் தேர்ச்சி. பரீட்சை வரைக்கும் வராமலே திருப்பூருக்கு வண்டி ஏறிவிட்ட பையன்கள் இந்த எண்ணில் இல்லவே இல்லை.

அதனால் ஆசிரியர்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், வாசிக்கத் தெரியாதென்று சந்தேகம் இருக்கிற பையனை வகுப்பு நடுவில் எழுப்பி வாசிக்கச் சொல்லாதீர்கள். தனியாகக் கூப்பிட்டுப் பாருங்கள், ஐந்து நிமிஷம் போதும். அப்புறம் அப்பாக்கள், "பொட்டப்புள்ள மாதிரி அழாதே" என்ற பேச்சை இன்றோடு விட்டுவிடுங்கள். யாரிடம் கேட்பதென்று தெரியாவிட்டால் 14417க்கு போன் போடலாம், பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் அது.

அந்தப் பையனுக்கு அவன் தமிழாசிரியர் இப்போது சாயங்காலம் அரை மணி நேரம் ஒதுக்குகிறார். மற்ற பையன்கள் போன பிறகு, கதவைச் சாத்திவிட்டுத்தான் வாசிக்கிறான். சாத்திக்கொள்ளட்டும்.