ஜெபம் அப்புறம், முதலில் காது

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பால், ரொட்டி, சுவிசேஷக் கைப்பிரதியோடு சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் சபைக் குழுக்களுக்கு அவ்வப்போது பயிற்சி வகுப்பு எடுக்கிறேன். மனநல ஆலோசனை என் தொழில். நானும் சபைக்குப் போகிறவள்தான். அந்த உரிமையில் சொல்கிறேன்: நமக்குக் கொடுக்கத் தெரிந்த அளவுக்குக் கேட்கத் தெரியவில்லை. கட்டிலுக்குக் கட்டில் நின்று, பெயர் கேட்டு, தலையில் கைவைத்து ஜெபித்து, "கர்த்தர் பார்த்துக்குவார்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். படுத்திருப்பவர் வாயைத் திறக்கவே இடமில்லை.

அதிலும் வராண்டாவில் உட்கார்ந்திருப்பவர்களை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் பக்கமிருந்தெல்லாம் நோயாளிக்குத் துணையாக வந்தவர்கள். மடியில் ஸ்கேன் ரிப்போர்ட் வைத்த மஞ்சப்பை, கையில் சார்ஜ் தீர்ந்த போன். நோயாளியை டாக்டர் விசாரிக்கிறார், நர்ஸ் விசாரிக்கிறார். இவர்களை விசாரிக்க ஆள் கிடையாது.

வகுப்பில் இரண்டு பேரை எதிரெதிரே உட்கார வைத்து இதை நடிக்கச் சொல்வேன்.

"சாப்பிட்டீங்களாக்கா?"

"ஆச்சுங்க."

"யாருக்குங்க உடம்பு சரியில்லை?"

"வீட்டுக்காரருக்குங்க. இப்பப் பரவாயில்லைங்க."

பெரும்பாலும் இந்த இடத்தில் "ஜெபம் பண்ணலாமா?" என்று எழுந்துவிடுவார்கள். அந்தப் 'பரவாயில்லைங்க' ஒரு மரியாதைக்குச் சொன்னது, அவ்வளவுதான். பக்கத்தில் உட்கார்ந்து, "நீங்க எப்படிக்கா சமாளிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அரை நிமிஷ மௌனம் வகுப்பிலேயே தாங்காது, யாராவது சிரித்துவிடுவார்கள். ஆனால் நிஜத்தில் அந்த அரை நிமிஷத்துக்கு அப்புறம்தான் வாரா வாரம் கட்ட வேண்டிய குழுக் கடன் வெளியே வரும், தறி ஓடாதது வரும், கொலுசுப் பட்டறையில் வேலை போனது வரும். சில சமயம் "இனி இருந்து என்னத்துக்குங்க" என்பதும் வரும்.

அது வந்ததும் "அப்படியெல்லாம் பேசக் கூடாதும்மா, பாவம்" என்று பாய்கிறவர்கள் உண்டு. சொன்னவர் அதோடு வாயடைத்துப் போவார். நினைப்பு மட்டும் உள்ளே அப்படியே கிடக்கும். அதற்குப் பதிலாக "செத்துப்போயிடலாம்னு தோணுதுங்களாக்கா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆய்வுகள் சொல்வதும் அதுதான், நான் பார்த்ததும் அதுதான். ஆமாம் என்றால் அவரைத் தனியே விட்டு வராதீர்கள். வீட்டார் ஒருவரிடம் தெரிவித்து, மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். அதனால்தான் "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று முன்கூட்டியே வாக்குக் கொடுக்கக் கூடாது என்கிறேன். மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104 இரண்டையும் எழுதிக் கையில் கொடுங்கள்; எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மறைப்பவர்களும் இருக்கிறார்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115-வது பிரிவு சொல்கிறது. இதையும் எடுத்துச் சொல்லுங்கள்.

"சும்மா கேட்டுக்கிட்டே இருந்தா ஊழியம் ஆகுமா?" என்று ஒரு போதகர் என்னிடம் கேட்டார். எம்மாவு கிராமத்துக்குப் போகும் வழியில், உயிர்த்தெழுந்த இயேசு தம்மை அடையாளம் தெரியாத இரண்டு சீஷர்களோடு நடந்ததை லூக்கா 24-இல் படித்துப் பாருங்கள் ஐயா என்றேன். எருசலேமில் நடந்தது இயேசுவுக்குத் தெரியாதா? இருந்தும் என்ன நடந்தது என்று கேட்டு, அந்த இரண்டு பேரும் தங்கள் துக்கத்தையும் ஏமாற்றத்தையும் முழுவதும் கொட்டித் தீர்க்க விடுகிறார். வேதவாக்கியங்களை விளக்கியது அதற்கு அப்புறம்தான். நாம் இந்த வரிசையைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறோம்.

லண்டனில் 1953-இல் சாட் வாரா என்ற ஆங்கிலிக்கன் குருவானவர், உயிரை மாய்த்துக்கொள்ள நினைப்பவர்கள் தன்னிடம் வந்து பேசலாம் என்று அறிவித்தார். கூட்டம் வந்தது. காத்திருந்தவர்களுக்கு டீ கொடுக்க உதவியாளர்கள் இருந்தார்கள். அவர்களிடம் பேசியதிலேயே பாரம் இறங்கி, குருவானவரைப் பார்க்காமலே திரும்பிப் போனார்கள் பலர். அடுத்த ஆண்டே கேட்கும் வேலையை அந்தத் தன்னார்வலர்களிடம் ஒப்படைத்தார். சமாரிட்டன்ஸ் அமைப்பு உருவானது இப்படித்தான். சென்னையில் 1986 முதல் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சிநேகாவும் இதே மாதிரி தன்னார்வலர்களை நம்பித்தான் நடக்கிறது.

கேட்டது வெளியே போகக் கூடாது. இதில்தான் நமக்குப் பெரிய ஓட்டை. 'ஜெபக் குறிப்பு' என்ற பெயரில் ஊர், பேர், வார்டு, கட்டில் நம்பர், குடும்பப் பிரச்சினை எல்லாம் சாயங்காலத்துக்குள் வாட்ஸ்அப் குழுவில் வந்துவிடுகிறது. ஆண்டவருக்குக் கட்டில் நம்பர் எதற்கு? உயிருக்கு ஆபத்து என்றால் சொல்ல வேண்டியவரிடம் மட்டும் சொல்லுங்கள்.

வேற்று மதத்தவர் கட்டிலருகே கைப்பிரதி பைக்குள்ளேயே இருக்கட்டும். படுத்த படுக்கையாக இருப்பவரால் எழுந்து போக முடியாது. அவருடைய கஷ்டத்தைத் தூண்டிலில் மாட்டும் புழுவாக்குவது இரக்கத்தில் சேராது. அவரே ஜெபிக்கச் சொல்லிக் கேட்டால் தாராளமாக ஜெபியுங்கள்.

இருவர் இருவராகவே போங்கள். திரும்பும்போது பஸ் ஏறுவதற்கு முன் பத்து நிமிஷம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து, பெயர் சொல்லாமல், மனசை அழுத்துவதை ஒருவருக்கொருவர் பேசிவிடுங்கள். ராத்திரி தூக்கம் வராத அளவுக்கு ஏதாவது தங்கிவிட்டால் அந்த 14416 உங்களுக்கும்தான்.