கிராஷ் ஆனால் திறந்துகொள்ளும் பூட்டு

எஸ்லாக் என்பது லினக்ஸ் போன்ற இயங்குதளங்களில், எக்ஸ்11 என்ற வரைகலைச் சூழலில் திரையைப் பூட்டும் ஒரு சின்னத் திறமூல புரோகிராம். சி மொழியில் சுமார் 400 வரி, அவ்வளவுதான். ஆனால் அதற்கு வரும் ஒரு குட்டி பேட்ச்சைக்கூட, அதாவது நிரலில் செய்யும் மாற்றத்தைக்கூட, சந்தேகக் கண்ணோடுதான் வாசிக்க வேண்டும். காரணம் எக்ஸ்11 கட்டப்பட்ட விதம்.

'பூட்டு' என்று தனியாக ஒன்று இருப்பதே, திரையையும் கீபோர்டையும் நிர்வகிக்கும் எக்ஸ் சர்வருக்குத் தெரியாது. பிரவுசரைப் போல எஸ்லாக்கும் அதற்கு இன்னொரு புரோகிராம். எஸ்லாக் திரை முழுக்க ஒரு விண்டோவை விரித்து, கீபோர்டையும் மவுஸையும் தன் பிடியில் வைத்துக்கொள்கிறது. அது கிராஷ் ஆனால் விண்டோ மறையும், பிடி விடுபடும், கடவுச்சொல் இல்லாமலே டெஸ்க்டாப் தெரியும். 2021 ஜனவரியில் லினக்ஸ் மின்ட்டின் திரைப்பூட்டைக் குழந்தைகள் கண்டபடி தட்டியே திறந்துவிட்டதும் இந்த வழியில்தான்.

அதனால் பேட்ச்சை வாசிக்கும்போது ஒவ்வொரு வரியிலும் நின்று கேட்க வேண்டும்: எந்தச் சூழ்நிலையில் இந்த வரி புரோகிராமைக் கொல்லும்?

2016-இல் எஸ்லாக்கிலேயே வெளிப்பட்ட ஓட்டை இதற்கு நல்ல பாடம். தட்டிய கடவுச்சொல்லை கிரிப்ட் என்ற ஃபங்ஷனுக்குக் கொடுத்து, அது தரும் ஹாஷை (கடவுச்சொல்லை உருமாற்றிய எழுத்துத்தொடரை) ஏற்கெனவே சேமித்த ஹாஷோடு ஒப்பிட வேண்டும். இரண்டு வேலையும் ஒரே வரியில் அழகாக முடிந்திருந்தன. ஆனால் சேமித்த ஹாஷ் செல்லாத வடிவில் இருந்தால், உதாரணமாக முடக்கப்பட்ட கணக்கில் இருப்பதுபோல வெறும் ஆச்சரியக்குறியாக இருந்தால், கிரிப்ட் ஹாஷுக்குப் பதிலாக 'நல்' (null, எதையும் சுட்டாத வெற்று மதிப்பு) தரும். ஒப்பிடும் ஃபங்ஷன் அந்த 'நல்' மதிப்பை வாசிக்கப் போய் கிராஷ் ஆகும். எதையாவது தட்டி என்டர் அழுத்தினால் போதும், பூட்டு திறந்துவிடும்! திருத்தம் எளிது: கிரிப்ட் தந்தது 'நல்' மதிப்பா என்று முதலில் பார், 'நல்' என்றால் பூட்டியே இரு.

புரோகிராமை வெளியிலிருந்தும் கொல்லலாம். நினைவகம் தீர்ந்துபோனால், இயங்குதளத்தின் மையப்பகுதியான கர்னல் ஏதாவது ஒரு புரோகிராமைப் பலி கொடுக்கும். அதற்குத் தப்பவே, லினக்ஸில் எஸ்லாக் தன் பலி மதிப்பெண்ணை -1000 என்று எழுதி வைத்துக்கொள்கிறது. பேட்ச் இதில் கைவைத்தால் உஷாராக வேண்டும். அப்புறம், நினைவகத்தில் கடவுச்சொல் இருந்த இடத்தை அழிக்கும் வரி. அங்கே நினைவகத்தை நிரப்பும் சாதாரண ஃபங்ஷனான மெம்செட்டைப் போட்டால், பயனில்லாத வேலை என்று கம்பைலர் அதைத் தூக்கிவிடக்கூடும். எஸ்லாக் அதற்கென்றே உள்ள வேறொரு ஃபங்ஷனைப் பயன்படுத்துகிறது.

பூட்டுத் திரையில் படம் காட்டும் பேட்ச்களை நான் ஏற்க மாட்டேன். கடவுச்சொல் ஹாஷை வாசிக்க எஸ்லாக் ரூட் உரிமையோடு (கணினியில் எதையும் செய்யும் உச்ச அதிகாரத்தோடு) தொடங்கி, வாசித்தபின் அந்த உரிமையைக் கைவிடுகிறது. படத்தைத் திறக்கும் வரி அதற்கு முன்னால் வந்தால், ஒரு பெரிய பட லைப்ரரி ரூட்டாக ஓடும். பின்னால் வந்தாலும், அந்த லைப்ரரியில் உள்ள பிழையெல்லாம் பூட்டின் பிழையாகிவிடும்.

எக்ஸ்11-க்கு மாற்றான வேலண்டில் 2022-இல் வந்த திரைப்பூட்டு நெறிமுறை இந்த அடிப்படையையே மாற்றியது. அங்கே பூட்டை ஏற்பது, திரையில் எல்லாவற்றையும் காட்டும் கம்போசிட்டர் என்ற புரோகிராமே. பூட்டு புரோகிராம் செத்தாலும் திரை பூட்டியே கிடக்கும்.