வைரத்தின் குறையைக் கொண்டு மூலக்கூறுகளை அளத்தல்

வேதியியல் ஆய்வகங்களில் மூலக்கூறுகளின் அமைப்பை அறிய உதவும் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு முறைக்கு ஓர் எல்லை உண்டு. ஹைட்ரஜனின் அணுக்கருவான புரோட்டான் ஒவ்வொன்றும் ஒரு சிறு காந்தம்; ஆனால் அறை வெப்பநிலையில், 3 டெஸ்லா காந்தப்புலத்தில் வைத்தாலும், புலத்தின் திசையில் நிற்பவை எதிர்த்திசையில் நிற்பவற்றைவிட ஏறத்தாழ லட்சத்தில் ஒரு பங்கே மிகுதி. அந்த மிகுதியே சமிக்ஞை தருவதால், கம்பிச்சுருளில் அதைப் பிடிக்கக் கோடானுகோடி மூலக்கூறுகள் வேண்டியிருக்கிறது. ஒற்றைப் புரத மூலக்கூறை அளக்க, கருவியே அணு அளவுக்குச் சிறியதாக இருக்க வேண்டும்.

அத்தகைய கருவி வைரத்துக்குள் இருக்கிறது. கார்பன் அணுக்கோப்பில் ஓரிடத்தில் நைட்ரஜன் அணு புகுந்து, அதை ஒட்டிய இடம் காலியாக இருந்தால், அங்குள்ள எலக்ட்ரான்களின் தற்சுழற்சி நுட்பமான காந்த உணரியாகிறது. நைட்ரஜனும் காலியிடமும் சேர்ந்த இந்தக் குறையை மையம் என்கிறார்கள்; பச்சை லேசர் பட்டால் அது சிவப்பாக ஒளிர்கிறது. தற்சுழற்சி சுழிய நிலையில் இருந்தால் ஒளி கூடுதலாகவும், மற்ற இரு நிலைகளில் குறைவாகவும் இருக்கும். 2.87 கிகாஹெர்ட்ஸ் நுண்ணலையைச் செலுத்தும்போது தற்சுழற்சி சுழிய நிலையிலிருந்து மற்ற நிலைகளுக்கு மாறுவதால் ஒளி மங்குகிறது. அருகில் காந்தப்புலம் இருந்தால் அந்த மங்கல் இரண்டாகப் பிரிந்து, மையத்தின் அச்சுத் திசையிலுள்ள புலத்தின் ஒவ்வொரு மில்லிடெஸ்லாவுக்கும் 28 மெகாஹெர்ட்ஸ் வீதம் இருபுறமும் விலகுகிறது. இதற்குக் குளிரூட்டும் திரவ ஹீலியம் தேவையில்லை, அறை வெப்பநிலையே போதும்.

இத்துறையில் என்னை மிகவும் கவர்வது ஓர் எளிய கணக்கு. 5 நானோமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தில் 10,000 புரோட்டான்கள் இருப்பதாகக் கொண்டால், லட்சத்தில் ஒன்று என்ற வீதத்தில் மிகுதி ஒன்றுகூடத் தேறாது. ஆனால் நாணயங்களைச் சுண்டும்போது தலையும் பூவும் சரிபாதியாக விழாததைப் போல, தற்செயலான ஏற்றத்தாழ்வு எண்ணிக்கையின் வர்க்கமூல அளவுக்கு, அதாவது நூறு வரை, எப்போதும் இருந்துகொண்டே இருக்கும். பெரிய மாதிரியில் பொருட்படுத்தத் தகாத இந்த இரைச்சல்தான் இங்கே சமிக்ஞை. புரோட்டான்கள் சுழலும் வேகத்துக்கு இசைவாக நுண்ணலைத் துடிப்புகளைக் கொடுத்து, மற்றவற்றை நீக்கி அதை மட்டும் பிரித்தெடுக்கிறார்கள். கலிஃபோர்னியாவின் ஐபிஎம் ஆல்மடன் ஆய்வகக் குழுவும் ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட் குழுவும் 2013இல் இதைச் செய்துகாட்டின; 2016இல் ஹார்வர்டு குழு யூபிக்விட்டின் என்னும் புரதத்தின் தனி மூலக்கூறுகளையே அளந்தது.

தொல்லை தருவது தொலைவு. புரோட்டானின் புலம் தொலைவின் மும்மடிக்கு ஏற்பக் குறைவதால், மையம் வைரப் பரப்பிலிருந்து சில நானோமீட்டர் ஆழத்திலேயே இருக்க வேண்டும். அவ்வளவு மேலே வந்தாலோ, பரப்பில் ஒட்டியிருக்கும் தனி எலக்ட்ரான்களின் காந்த இரைச்சல் அதன் குவாண்டம் நிலையை விரைவில் குலைத்துவிடும். உள்ளிருந்து வரும் தொல்லையை, காந்தமற்ற அணுக்கரு கொண்ட கார்பன்-12 மட்டுமே உள்ள வைரத்தை வளர்த்துக் குறைக்கலாம். பரப்பைச் செப்பனிடுவது இன்னும் முடியாத வேலை.

திண்மப் பொருள்களை ஆராய, இந்த மையத்தை வைர முனையொன்றில் பொதித்து, பரப்பின் மேலே வருடிச் செல்ல விடுகிறார்கள். இவ்வாறு பாசெல் பல்கலைக்கழகக் குழு 2019இல் குரோமியம் டிரை அயோடைடு என்னும் காந்தப் பொருளின் சில அணுப்படலங்களை அளந்தது. ஒற்றைப்படை எண்ணிக்கையில் படலங்கள் அடுக்கப்பட்ட இடத்தில் ஒரே படலத்துக்குரிய அளவு காந்தத்தன்மை தெரிந்தது. இரட்டைப்படையாக இருந்த இடத்தில், அடுத்தடுத்த படலங்கள் எதிரெதிர்த் திசையில் காந்தமாகி ஒன்றையொன்று ஈடுசெய்வதால், அது மறைந்துபோனது.