கைசென்: சொல்லில் இல்லாத 'தொடர்'

தொழிற்சாலைச் சுவர்களிலும் மேலாண்மைப் பாடங்களிலும் அடிக்கடி கண்ணில் படும் ஜப்பானியச் சொல் கைசென். வேலைமுறையைச் சிறிது சிறிதாகத் தொடர்ந்து மேம்படுத்துவது என்று அதை விளக்குவார்கள். இரண்டு எழுத்துகளால் ஆனது. 'கை' என்பது மாற்றுதல். 'சென்' என்பது நன்மை. சேர்த்தால், நல்லதாக மாற்றுதல். இந்தச் 'சென்' ஜென் பௌத்தத்தின் ஜென் அன்று. அது 'தியானம்' என்ற வடசொல் சீனம் வழியாகத் திரிந்து போனது, எழுத்தும் வேறு. நம் தமிழ்க் 'கை'க்கும் உறவில்லை. ஆனாலும் வேலை செய்கிற கையே வேலையைத் திருத்துகிறது என்று நினைவில் வைத்துக்கொள்ள வசதியாகத்தான் இருக்கிறது.

கவனித்தீர்களா, சொல்லுக்குள் 'தொடர்' என்ற பொருளே இல்லை. ஜப்பானியருக்கு அது அன்றாடச் சொல். உடல்நிலை தேறினாலும் உறவு சீரானாலும் கைசென்தான். தொடர்ச்சி என்ற பொருள் தொழிற்கூடத்தில் ஒட்டிக்கொண்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கர் கொண்டுபோன தொழிலகப் பயிற்சித் திட்டம் அதற்கு ஒரு வித்து. 1951இல் டொயோட்டா தன் தொழிலாளர்களிடம் யோசனைகள் கேட்கும் முறையைத் தொடங்கியது. 1986இல் ஜப்பானிய மேலாண்மை ஆலோசகர் மசாக்கி இமாய் 'கைசென்' என்ற தலைப்பிலேயே ஆங்கிலத்தில் நூல் எழுத, சொல் உலகம் சுற்றியது. பொதுப்பொருளிலிருந்து பிரித்துக் காட்ட, தொழில்துறைக் கைசெனை ஜப்பானியரே பெரும்பாலும் ஒலியை மட்டும் குறிக்கும் கதகானா எழுத்தில் எழுதுகிறார்கள்.

நடைமுறையில் இது பெரிய முதலீட்டுக் காரியம் இல்லை. கோளாறு கண்ட தொழிலாளி உதவிக்கு அழைக்கும் கயிற்றை இழுக்கிறார், மேற்பார்வையாளர் வருகிறார், ஏன் நேர்ந்தது என்று தோண்டுகிறார்கள். கண்ட தீர்வைச் சோதித்து, பலித்தால் அதையே அடுத்த நாளின் வேலைமுறையாக எழுதி வைக்கிறார்கள். இந்தக் கடைசிப் படி விடுபட்டால், ஒரு மாதத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

தமிழில் என்ன சொல்வது? 'தொடர் முன்னேற்றம்' பொருந்தவில்லை. முன்னேறுவது ஆள், இங்கே மாறுவது முறை. 'சீர்திருத்தம்' சமூகத்தையும் அரசையும் நினைவூட்டுகிறது. 'தொடர் மேம்பாடு' பரவலாக வழங்குகிறது, தவறும் இல்லை. எனக்கு ஒரு குறை மட்டும்: மேம்பாடு 'மேம்படு' என்ற தன்வினையிலிருந்து வருவது, யாரும் தொடாமல் தானே நிகழ்ந்ததுபோல் ஒலிக்கிறது. 'மேம்படுத்து' பிறவினை, அதற்குச் செய்பவர் ஒருவர் வேண்டும். எனவே 'தொடர் மேம்படுத்தல்' என்பேன்.

'இடையறாத' என்று எழுதுவோரும் உண்டு. அது மிகை. தர மேலாண்மைக்கான பன்னாட்டுத் தரநிலையான ஐஎஸ்ஓ 9001 கேட்பது இடைவெளியே இல்லாத ஓட்டத்தை அன்று, மீண்டும் மீண்டும் செய்வதை. ஒரு படி, கொஞ்சம் நிலைப்பு, அடுத்த படி. 'தொடர்' அந்த இடைவெளிக்கு இடம் கொடுக்கிறது.

ஒரு சிக்கல் பாக்கி. பணிக்களத்தில் கைசெனை எண்ணுகிறார்கள்: 'இந்த மாதம் நாலு கைசென்.' 'நாலு தொடர் மேம்படுத்தல்' என்று எந்தத் தொழிலாளியும் சொல்லப்போவதில்லை. அங்கே 'நாலு திருத்தம்' போதும்.